இருநூற்றுப் பன்னிரண்டாவது மரம்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஒரே ஒரு சொல் பொய்யென்றாலும் சொன்ன நாக்கில் பாசி படரட்டும். ஒப்புக்குச் செய்யும் சத்தியம் அல்ல இது. அந்த மழைக்காட்டு ஓரத்தில் பாசியின் மேல் யாரும் லேசில் ஆணையிடுவதில்லை, ஏனென்றால் அங்கே பாசி கூப்பிட்ட குரலுக்கு வந்து நிற்கும்.

வருஷத்தில் முந்நூற்று நாற்பது நாள் மழை. மீதி இருபத்தைந்து நாளும் மரங்கள் தேக்கி வைத்த மழையைச் சொட்டிக்கொண்டிருக்கும். குடையைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தால், கை கழுவி எழுவதற்குள் குடைக்கும் சுவருக்கும் சம்பந்தம் ஆகியிருக்கும். பிரித்தெடுக்க இரண்டு பேர் வேண்டும். சங்க அலுவலகத்துக் கடிகாரத்தின் சின்ன முள் நாலு மணிக்கு நேராகப் பாசி பிடித்து நின்று ஆறு வருஷமாகிறது. நாலு மணிக்கு அலுவலகத்தை மூடலாம் என்பது விதி என்பதால் யாரும் அதைச் சுரண்டவில்லை. செயற்குழுக் கூட்டத்தை அங்கே உட்கார்ந்து நடத்துவதும் கிடையாது. எல்லோரும் மேசையைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டே பேசுவார்கள். முன்பு ஒருவர் உட்கார்ந்தபடி நீளமாக நன்றியுரை சொல்லப்போய், நாற்காலியோடு வீட்டுக்குப் போக வேண்டியதாயிற்று. அந்த நாற்காலி இன்னும் சங்கத்துக்குத் திரும்பவில்லை.

ஊரில் நாற்பது வீடு. நாற்பதுக்கும் சோறு போடுவது பிசின் மரம். பட்டையில் நகம் அளவுக்குக் கீறினால் தேன் நிறத்தில் வழிந்து கட்டியாகும். படகின் விரிசலை அடைக்கவும் மேசை நாற்காலிக்கு மெருகேற்றவும் அது வெளியூர் போகும். மரத்தைச் சாய்க்காமலே பிழைத்துக்கொள்வது என்று நாற்பது வீட்டாரும் கூடி முடிவெடுத்துத் தொடங்கியதுதான் பிசின் சங்கம். ஒரு மரத்தில் ஒரு வருஷம் பிசின் எடுத்தால் அதற்கு மூன்று வருஷம் ஓய்வு. எடுக்கிற மரத்துக்குச் சிவப்பு நாடா, ஓய்வில் இருப்பதற்குப் பச்சை நாடா. பச்சை கட்டிய மரத்தைக் கீறக் கூடாது, அதன்மேல் சாயக் கூடாது, துணி காயப்போடக் கூடாது. இப்படி ஒழுங்காக இருக்கும்வரை காட்டுக்குள் போக உரிமம் உண்டு. தவறினால் உரிமம் போய்விடும். ஆற்றுக்கு அக்கரையில் இயந்திர வாளைத் துடைத்து வைத்துக்கொண்டு ஒரு மரக் கம்பெனி அந்த நாளுக்காகவே காத்திருந்தது.

நாடா கட்டும் வேலையைப் பார்த்தவள்தான் நாடாக்காரி. கட்டுவதுகூடப் பெரிதில்லை. சிவப்பு நாடா நாலே நாளில் பாசி பிடித்துப் பச்சையாகிவிடும். ஏமாந்தால் காடு முழுக்க ஓய்வெடுக்கப் போய்விடும், கூடவே நாற்பது வீட்டு அடுப்பும். ஆகவே வாளியும் பிரஷுமாகத் தினமும் காட்டைச் சுற்றி, சிவப்பைச் சிவப்பாகவே வைத்திருப்பது அவள் பாடு.

அவளுடைய புருஷனுக்கு ஊர் வைத்த பெயர் நிதானம். நடந்துகொண்டிருக்கும்போதே காலில் பாசி பிடித்த ஒரே மனிதன் அவன்தான். சங்கத்தின் செயலாளர் அவனுடைய அக்கா. அதாவது நாடாக்காரிக்கு நாத்தனார். வீட்டில் நாத்தனார் உத்தியோகத்தையும் அலுவலகத்தில் செயலாளர் உத்தியோகத்தையும் ஒரே குரலில் பார்க்கிறவள். மரத்தில் ஆணி அடிப்பது பாவம், எண் தகட்டைக் கம்பியால்தான் கட்ட வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்ததும் அவள்தான். அந்தத் தீர்மானம் பிற்பாடு தன் தம்பியின் உயிரைக் காப்பாற்றும் என்று அவளுக்கு அப்போது தெரியாது.

அந்த வருஷத்து மரக் கணக்கெடுப்பின் முதல் நாள், நாடாக்காரி புருஷனைக் காட்டுக்குக் கூட்டிப்போய் ஓரிடத்தில் நிறுத்தினாள்.

"இந்தப் பைய புடிச்சுக்கிட்டு இங்கயே நில்லுங்க. நான் திரும்பி வர்ற வரைக்கும் அசையக் கூடாது."

"அதெல்லாம் நீ எனக்குச் சொல்லணுமா?" என்றான் நிதானம்.

அவள் சொன்னதை அவன் சொன்னபடியே கேட்டது அந்த ஒரு முறைதான்.

கணக்கெடுப்பு மூன்று நாள் நடந்தது. இரண்டு ராத்திரி அவன் வீட்டுக்கு வரவில்லை. வந்துகொண்டிருப்பான் என்று அவள் இருந்துவிட்டாள். தீப்பெட்டி வாங்கப் போய் ஐந்தாம் நாள் வந்தவன். அதற்கெல்லாம் பதறினால் குடித்தனம் நடத்த முடியுமா? மூன்றாம் நாள் மூடுபனி. நீட்டிய கை முழங்கையோடு காணாமல் போகும் அளவுக்குப் பனி. இரண்டு பெண்களும் தடவித் தடவித்தான் வேலை பார்த்தார்கள். நாடாக்காரி மரத்தைத் தடவி, நாடாவையும் தகட்டையும் கட்டி, "அடுத்தது" என்பாள். பின்னால் வரும் நாத்தனார் டேப்பைச் சுற்றிச் சுற்றளவு எடுத்து, குச்சியை நிறுத்தி உயரம் பார்த்து எழுதிக்கொள்வாள்.

எல்லாம் முடிந்து பார்த்தால் இருநூற்றுப் பன்னிரண்டு. போன வருஷம் இருநூற்றுப் பதினொன்று.

"ஒண்ணு கூடியிருக்கு!" நாத்தனார் பூரித்துப்போனாள். "பார்த்தியா, நம்ம பாடுபட்டது வீண் போகல. சுற்றளவு மூணடி, உயரம் அஞ்சரை அடி. இளங்கன்னு!"

அன்றைக்கே பட்டியலை உரிமம் தரும் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினாள். பத்தாம் நாள் பதில் வந்தது. இருநூற்றுப் பதினொன்றை நாலால் வகுத்தால் மூன்று மரம் மிஞ்சி, அந்த மூன்றை எந்தப் பங்கில் சேர்ப்பது என்று அவர்கள் அங்கே வருஷக்கணக்காக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்களாம். இப்போது மிச்சமில்லாமல் வகுபடுகிறது, மிக்க மகிழ்ச்சி. புதிய மரத்தை நேரில் பார்க்க அடுத்த வெள்ளிக்கிழமை ஆய்வாளர் வருகிறார். அந்த மரம் பட்டியலில் உள்ளபடி இருந்தால் உரிமம் ஐந்து வருஷத்துக்கு நீளும். இல்லையென்றால் பொய்க் கணக்கு என்று உரிமம் அன்றைக்கே ரத்து.

"வரட்டுமே. மடியில கனமில்ல நமக்கு" என்று மேசையைச் சுற்றி நடந்தபடி சொன்னாள் நாத்தனார். பிறகு சட்டென்று, "ஆமா, என் தம்பி எங்கடி? பத்து நாளா ஆளக் காணோம்?"

"அதான் அண்ணி எனக்கும் புரியல."

"ஒரு மனுசன ஒழுங்கா வெச்சுக்கத் தெரியல. இவ காட்டையே காப்பாத்துறாளாம்!"

நாடாக்காரி வாளியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். கோபத்தில் நாடாக்களை வெளுத்து வாங்கிக்கொண்டே போனவள் இருநூற்றுப் பன்னிரண்டாவது மரத்தடியில் நின்றுவிட்டாள். மரம் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.

முதலில் தவளை என்று நினைத்தாள். அடுத்து, காற்று. ஆனால் மூச்சை இழுக்கும்போது ஒரு விசில், விடும்போது இரண்டு விசில் அடிக்கும் தவளை உலகத்தில் கிடையாது. பதினாறு வருஷமாக அவள் தூக்கத்தைக் கெடுத்த விசில் அது. உற்றுப் பார்த்தாள். தலையிலிருந்து கால்வரை பாசி. ஒரு தோளில் ஒரு பெரணி. ஒரு கையில், அவள் கொடுத்த பை. இடுப்பில், அவள் கையாலேயே இரட்டை முடிச்சுப் போட்ட பச்சை நாடா.

"என்னங்க!"

மரம் ஒரு கண்ணைத் திறந்தது. "வந்துட்டியா? கொஞ்சம் லேட்டு போல."

"அய்யோ, இப்படி நிக்கிறீங்களே! வாங்க வீட்டுக்கு!"

"எப்படி வர்றது?" என்றான் நிதானம், பெயருக்கேற்றபடி. "பச்சை கட்டியிருக்க. மூணு வருஷம் ஓய்வு. விதி உனக்குத் தெரியாததா?"

 விதி தெரியும். நாடா அவள் கட்டியது. முடிச்சும் அவளுடையது. தப்பு எங்கே நடந்தது என்று ஒவ்வொரு படியாக யோசித்தால் எல்லாமே சரியாக இருந்தது. கடைசியில் மட்டும் புருஷன் மரமாகியிருந்தான்.

அலுவலகத்துக்கு ஓடிவந்து மூச்சு வாங்கச் சொன்னாள். நாத்தனார் நடையை நிறுத்தவில்லை. மூன்று சுற்று யோசித்தாள்.

"பட்டியல் போயாச்சு. பதிலும் வந்தாச்சு. இப்ப அவன் வெளிய வந்தா நாற்பது வீடும் தெருவுல நிக்கும். காட்ட அந்தக் கம்பெனிக்காரன் சீவித் தள்ளிருவான்."

"வேற ஏதாவது மரத்துக்கு அந்தத் தகட்ட மாத்திக் கட்டிடலாம் அண்ணி."

"மூணடி சுத்துல, அஞ்சரை அடி உசரத்துல வேற மரம் எங்க இருக்கு? எல்லாம் வானத்த முட்டிக்கிட்டு நிக்குது. அதோட எல்லாத்துக்கும் ஏற்கெனவே எண் இருக்கு."

"உங்க கூடப்பிறந்த தம்பி அண்ணி அவரு!"

"சங்கத்துக்கு வெளியதான் அவன் என் தம்பி. சங்கத்துக்குள்ள அவன் இருநூத்திப் பன்னிரண்டு. வெள்ளிக்கிழம வரைக்கும் நிக்கட்டும். நிக்கிறது அவனுக்கு என்ன புதுசா?"

அந்த ஒரு வாரம் நாடாக்காரி பட்ட குழப்பம் கொஞ்சநஞ்சமல்ல. தினமும் மத்தியானம் தூக்குவாளியில் சாப்பாடு கொண்டுபோய், பாசியை விலக்கி வாயைத் தேடி ஊட்டினாள். இப்போது அவள் செய்வது புருஷனுக்குப் பணிவிடையா, சங்கத்து மரப் பராமரிப்பா? வாளியைத் தன் வீட்டில் கழுவுவதா, சங்கத்தில் கழுவுவதா? செவ்வாய்க்கிழமை பனியில், நூற்றுப் பதினேழாவது மரத்திடம் அரைமணி நேரம் குடும்பக் கஷ்டத்தையெல்லாம் கொட்டி, அது ஒன்றும் பதில் சொல்லாததால் அழுதுவிட்டு வந்தாள். அது புருஷன் இல்லை என்று புதன்கிழமைதான் தெரிந்தது. ஆனால் அதைவிடக் குழப்பம், நூற்றுப் பதினேழு நன்றாகக் காதுகொடுத்துக் கேட்டதாக அவளுக்குத் தோன்றியதுதான். வியாழக்கிழமை யோசனையில் ஓரிடத்தில் நின்றுவிட்டு, திடுக்கிட்டுத் தன் இடுப்பைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். நாடா இல்லை. நல்லவேளை.

"அசிங்கமா இல்லையா உங்களுக்கு?" என்று அன்றைக்குக் கேட்டாள்.

"எதுக்கு? யாரும் வேலைக்குப் போன்னு சொல்றதில்ல. சாப்பாடு வந்துருது. நேத்து ஒரு குருவி வந்து தலைல உட்கார்ந்துச்சு. நல்ல குடும்பமாத் தெரியுது, கூடு கட்டும் போல."

வெள்ளிக்கிழமை ஆய்வாளர் வந்தார். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், கழுத்தில் மரத்துக்குள் நீர் ஓடும் சத்தத்தைக் கேட்கும் குழாய், கையில் நீளமான படிவம். சிரிப்பை வீட்டில் பூட்டிவைத்துவிட்டு வந்த அம்மாள். முதல் மரத்திலிருந்து தொடங்கி நாடா, தகடு, கீறல் எல்லாவற்றையும் நுணுக்கி நுணுக்கிப் பார்த்தார்.  கடைசியில் அவர்கள் அங்கே வந்து சேர்ந்தார்கள்.

ஆய்வாளர் தகட்டைப் படித்தார். டேப்பை எடுத்துச் சுற்றினார். "பட்டியல்ல மூணடி. இப்ப மூணடி ரெண்டு அங்குலம் இருக்கே."

நாடாக்காரி நாத்தனாரைப் பார்த்தாள்.

"ரெண்டு வாரத்துல ரெண்டு அங்குலமா!" என்றார் ஆய்வாளர். "அற்புதமான வளர்ச்சி. என்ன உரம் போடறீங்க?"

"வீட்டுச் சாப்பாடுதான் மேடம்" என்று நாடாக்காரி உளறிவிட்டாள்.

"மக்குற உணவுக் கழிவு. இயற்கை உரம். ரொம்ப நல்லது." எழுதிக்கொண்டார்.

நிதானத்தால் அதைத் தாங்க முடியவில்லை. கழிவு என்ற சொல்லுக்கு லேசாகக் கனைத்தான். ஆய்வாளர் உடனே குழாயை அவன் வயிற்றில் வைத்துக் காதைக் கொடுத்தார். நேரம் மத்தியானச் சாப்பாட்டு நேரம்.

"உள்ள நீரோட்டம் பிரமாதமா இருக்கு. அருவி மாதிரி சத்தம்!"

குழாயின் நுனி குளிர்ந்திருக்க வேண்டும். மரம் தும்மியது. பெரணித் தூளும் பாசித் தூளும் மேடத்தின் மூக்குக் கண்ணாடி முழுக்க அப்பின.

நாடாக்காரி கண்ணை மூடிக்கொண்டாள். நாத்தனார் மழையைப் பார்ப்பதுபோல் வானத்தைப் பார்த்தாள்.

ஆய்வாளர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "விதை பரப்புது" என்றார். குரலில் ஒரு பக்தி இருந்தது.

அதோடு கையெழுத்துப் போட்டிருந்தால் கதை வேறு. ஆனால் அவர் படிவத்தின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார்.

"மொத்தம் இருநூத்திப் பன்னிரண்டு. நாலுல ஒரு பங்கு சிவப்பு. அப்படின்னா அம்பத்து மூணு இருக்கணும். நான் பார்த்தது அம்பத்து ரெண்டுதான். ஒண்ணு குறையுதே?"

இரண்டு பெண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பழைய பழக்கத்தில் ஐம்பத்திரண்டோடு நிறுத்தியிருந்தார்கள்.

"ஒரு மரத்துக்கு இப்பவே சிவப்பு கட்டுங்க. ஆனா கடைசி மூணு வருஷத்துல கீறாத மரமா இருக்கணும்." அவரே பட்டியலில் விரலை ஓட்டினார். விரல் கீழே, கீழே, கீழே இறங்கி அடிவரியில் நின்றது. "இது ஒண்ணுதான் இருக்கு. இதுக்குக் கட்டுங்க. கட்டிட்டு என் முன்னாடியே முதல் கீறலும் போடுங்க. பிசின் வடியறதப் பார்த்துட்டுத்தான் கையெழுத்து."

நாடாக்காரியின் இடுப்பில் ஒரு சிவப்பு நாடா இருந்தது. அதை எடுத்தாள்.  கட்டினால் புருஷனைக் கீறுவார்கள். கட்டாவிட்டால் நாற்பது வீடும் போகும், அக்கரை வாள் இக்கரைக்கு வரும், இந்த மரம், நூற்றுப் பதினேழு, குருவிக் குடும்பம் எல்லாம் பலகையாகிவிடும். இந்த இரண்டில் எது சரி என்று சங்க விதிகளில் எங்கேயும் எழுதியிருக்கவில்லை. அவள் பச்சையை அவிழ்த்தாள். சிவப்பைக் கட்டினாள். கட்டும்போது பாசிக்குள் காது இருக்கும் இடமாகப் பார்த்து, "மன்னிச்சிருங்க" என்றாள்.

"என்னது, சிவப்பா?" என்றது மரம் மெல்ல. "அப்ப வேலை நாளா?"

நாத்தனார் பிசின் கத்தியை உறையிலிருந்து உருவினாள். ஊரில் அவளைப்போல் கீறல் போட ஆள் கிடையாது. ஒரே இழுப்பில் அரையடி. கத்தியைக் கட்டைவிரலில் பதம் பார்த்தாள். தம்பியின் முகம் இருக்கும் திசையை அவள் பார்க்கவில்லை. விலா இருக்கும் திசையைத்தான் பார்த்தாள். சின்ன வயதிலிருந்து அவன்மேல் இருந்த பாக்கி எல்லாம் அந்தக் கையில் ஏறிக்கொண்டது போலிருந்தது.

கத்தி ஓங்கியதும், பிறந்ததிலிருந்து நிதானமாகவே இருந்தவன் நிதானத்தை இழந்தான். "அக்கா! நான்தான்க்கா!" என்று ஒரு சத்தம். இருநூற்றுப் பன்னிரண்டாவது மரம் வேரைப் பிடுங்கிக்கொண்டு, பையைத் தூக்கிக்கொண்டு, பெரணி ஆட, குருவி பறக்க, சரிவில் இறங்கி ஓடியது. அந்தக் காட்டில் அதுவரை எந்த மரமும் அந்த வேகத்தில் ஓடியதில்லை.



"அது எங்க போகுது?" என்று கேட்டார் ஆய்வாளர்.

பொய் சொல்லி நாடாக்காரிக்குப் பழக்கமில்லை. "வீட்டுக்கு, மேடம்."

ஆய்வாளர் படிவத்தைப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். மர இழப்பு என்ற கட்டத்தின் கீழ் வெட்டு, தீ, புயல், நோய் என்று நாலு காரணங்கள் இருந்தன. அடிமரம் இருந்த இடத்தை வந்து சோதித்தார். வாள் தடம் இல்லை, சாம்பல் இல்லை, புழு இல்லை. இரண்டு பாதத் தடம் மட்டும் ஆழமாக இருந்தது. அதற்குள் அதிலும் பாசி ஏறிக்கொண்டிருந்தது. ஐந்தாவதாக 'மற்றவை' என்று ஒரு வரி இருந்தது. பேனாவை உதறிவிட்டு அதில் எழுதினார்: 'மரம் தானாக இடம்பெயர்ந்தது. மனிதத் தலையீடு ஏதுமில்லை.'

"காட்ட இவ்வளவு சுதந்திரமா விட்டிருக்கிற சங்கத்த நான் பார்த்ததே இல்ல" என்றார். குரலில் பாராட்டு இருந்ததா பயம் இருந்ததா என்று யாருக்கும் புரியவில்லை. ஐந்து வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு, பின்னால் எதுவும் ஓடிவருகிறதா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தபடி போய்ச் சேர்ந்தார். அக்கரைக் கம்பெனி வாளை உறைக்குள் போட்டது. நாற்பது வீட்டிலும் அடுப்பு எரிந்தது.

நாடாக்காரி வீட்டுக்கு வந்தபோது சமையலறையில் அது உட்கார்ந்திருந்தது. தரையெல்லாம் தண்ணீர். தட்டை முன்னால் வைத்துக்கொண்டு காத்திருந்தது. சிவப்பு நாடா இன்னும் இடுப்பில் இருந்தது. அதன் ஓரம் அதற்குள் பச்சை தட்டத் தொடங்கியிருந்தது.

வாசலில் நாத்தனாரின் குரல். "இருநூத்திப் பன்னிரண்டு வந்துருச்சா?"

"வந்துருச்சு அண்ணி. சாப்பிடப் போகுது."

"சாப்பிடட்டும். நாளைக்கு வேலைக்கு வரச் சொல்லு, சிவப்பு கட்டியிருக்கு."

"சிவப்பு எங்கக்கா இருக்கு, பச்சையாகுது பாருங்க" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

நாடாக்காரி பிரஷை எடுத்தாள். நாடாவைத் தேய்ப்பதா, இப்படியே விட்டுவிடுவதா, இல்லை, பாசியை அடியோடு சுரண்டி உள்ளே இருப்பது யார் என்று ஒருமுறை பார்த்துவிடுவதா என்று தெரியாமல் கையில் பிரஷோடு நின்றாள். பிறகு, நிற்பது அந்த ஊரில் நல்லதல்ல என்று ஞாபகம் வந்து, சமையலறையைச் சுற்றி நடக்கத் தொடங்கினாள்.